பூஜ்யத்துக்குக் கீழே

கணினியின் தயவை நாடாமல், ஒரு தனி யந்திரத்தையே துணையாகக் கொண்டு, தாளமும் ஸ்வரமும் தாமே அமைத்து ஒரு பாட்டை முடித்துவிட்ட இளைஞர், அதைப் பிறர் காதுக்குக் கொடுப்பதற்கு முன்பு, தமக்கு மிகவும் பிடித்த வேறொருவருடைய பாட்டை ஓடவிட்டு, அது முடிந்த கையோடு தம்முடையதையும் ஓடவிட்டுப் பார்ப்பது இயல்பு. கேட்ட மாத்திரத்தில் அவருக்கு மனம் சோர்ந்துவிடுகிறது. சற்று முன்புவரை அறை முழுவதையும் நிறைத்துக்கொண்டிருந்த பாட்டு இப்போது மெலிந்து, ஒதுங்கி, தூரத்தில் நிற்கிறது. கிக்கில் கனம் இல்லை, ஸ்னேரில் வேகம் இல்லை. உரப்பு போதவில்லை என்று தீர்மானித்து, யந்திரத்தின் இறுதி வாயிலில் உச்சங்களை அடக்கும் ஒரு லிமிட்டரை மாட்டி, மீட்டர் சிவக்கும் வரையில் ஏற்றுகிறார். பாட்டு உரத்துவிடுகிறது, ஆனால் அதில் இருந்த மூச்சு நின்றுவிடுகிறது.

யந்திரத்தின் மேல் பழி போடுவதற்கு இதில் இடமில்லை. உரப்பு என்பது வேலையெல்லாம் முடிந்த பின் கடைசியில் ஏற்றிக்கொள்ளக் கூடியது என்ற எண்ணந்தான் இத்தனை ஏமாற்றத்துக்கும் வேர். ஒரு பாட்டு எவ்வளவு உரத்து ஒலிக்கக்கூடும் என்பது, முதல் பேடில் முதல் கிக்கை வைக்கும்போதே பாதி நிர்ணயமாகிவிடுகிறது. பேஸும் கிக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பதில் மறுபாதியும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மாஸ்டரிங் என்று நாம் சொல்லும் கடைசிக் காரியத்துக்கு எஞ்சுவது மிகச் சொற்பம். இந்த உண்மையை, எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்துக்கொண்டு உழைக்கிறவர்கள் மற்ற எவரையும்விடத் தெளிவாக உணர வேண்டியவர்கள்; ஏனெனில் அவர்களுடைய பிழையைத் திருத்துவதற்கு அடுத்த அறையில் வேறொரு நிபுணர் உட்கார்ந்திருக்கவில்லை.

முன்பு அடுத்த அறையில் அப்படி ஒரு நிபுணர் இருந்தார். அமெரிக்கரான ரோஜர் லின் வடிவமைத்து, ஜப்பானிய நிறுவனமான அகாய் 1988-ல் வெளியிட்ட எம்.பி.சி.60 என்ற யந்திரம், நாலுக்கு நாலாகப் பதினாறு ரப்பர் பேடுகளைத் தாங்கிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு பிட் நுணுக்கத்தில், மொத்தம் சுமார் 13 வினாடி ஒலியைத்தான் அது தன் நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு முந்தின ஆண்டு வந்த இ-மியூ நிறுவனத்தின் எஸ்.பி.1200-க்கு 10 வினாடிதான் சக்தி. இந்த வறுமையிலிருந்துதான் ஒரு தலைமுறையின் சங்கீதம் முளைத்தது. டி.ஜே. ஷாடோ 1996-ல் வெளியிட்ட ‘எண்ட்ரோடியூசிங்’ என்ற ஆல்பம் ஏறக்குறைய முழுவதும் எம்.பி.சி.60-இல் பழைய இசைத்தட்டுகளின் துண்டுகளைக் கோத்து அமைக்கப்பட்டது. டெட்ராய்ட் நகரத்து ஜே டில்லா கையாண்ட எம்.பி.சி.3000, இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் ஸ்தாபனத்தின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக் காட்சிசாலையில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அந்த நாளில் அந்தப் பெட்டியிலிருந்து நேரே ஒரு தட்டு வெளிவந்துவிடவில்லை. எம்.பி.சி.60-இன் முதுகில் எட்டுத் தனித்தனி வாயில்கள் இருந்தன; கிக் ஒன்றின் வழியாகவும் ஸ்னேர் வேறொன்றின் வழியாகவும் புறப்பட்டு ஸ்டூடியோவின் பெரிய மிக்ஸிங் மேஜைக்குப் போய், அங்கே ஓர் எஞ்சினியர் கையில் பதப்பட்டு, நாடாவில் ஏறி, பிறகு மாஸ்டரிங் எஞ்சினியரின் மேஜையைச் சேர்ந்தன. அத்தனை பேருடைய செவியும் அந்தப் பாட்டின் மீது படிந்தது.

2017-ல் அகாய் வெளியிட்ட எம்.பி.சி. எக்ஸ், எம்.பி.சி. லைவ் ஆகிய இரண்டும் இந்தச் சம்பிரதாயத்தை ஒரு முனைக்குக் கொண்டுவந்துவிட்டன. நடுவில் சில ஆண்டுகள் கணினியோடு கட்டுண்டு கிடந்த எம்.பி.சி. குடும்பம், மறுபடியும் தன் காலில் நின்றது. லைவ் என்ற யந்திரம் தனக்குள்ளேயே மின்கலத்தையும் கொண்டிருந்ததால், மின்சாரம் நின்றுபோன வீட்டிலும் ஓடும் ரயிலிலும் உட்கார்ந்து வேலை செய்ய முடிந்தது. ஏழு அங்குலத் தொடுதிரையில் மிக்ஸர் இருக்கிறது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும், அவற்றைத் தொகுக்கும் சப்மிக்ஸுக்கும், இறுதி வாயிலுக்கும் நந்நான்கு எஃபெக்ட்களை மாட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. ஈக்யூ, கம்ப்ரஸர், லிமிட்டர், மேக்ஸிமைஸர் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. தாளக்காரர், எஞ்சினியர், மாஸ்டரிங் நிபுணர் என்ற மூவருடைய பொறுப்பும் ஒரே ஆளின் தோளில், பல சமயம் ஒரே இரவில், வந்து இறங்கிவிட்டது.

ஊசி தாவிய தட்டு

மாஸ்டரிங் என்ற தொழில் பிறந்தது அழகுபடுத்துவதற்காக அல்ல. நாடாவில் இருப்பதை இசைத்தட்டில் வெட்டிக்கொடுப்பதுதான் அதன் ஆதிக் காரியம். வெட்டும் யந்திரத்தின் ஊசி, சங்கீதத்தின் அசைவுக்கு ஏற்ப அரக்குப் பூசிய தட்டில் பள்ளம் பறித்துக்கொண்டே போகும்; உரத்த ஒலிக்குப் பள்ளம் அகலமாக அலைய வேண்டும், கீழ்ஸ்தாயி ஒலிக்கு இன்னும் அதிகமாக அலைய வேண்டும். அலைச்சல் அதிகமானால் தட்டில் பாட்டுக்கு இடம் குறையும். மேலும் அதிகமானால் வீட்டில் கேட்கிறவருடைய கருவியின் ஊசி பள்ளத்தை விட்டுத் தாவிவிடும். எவ்வளவு உரப்பு, எவ்வளவு நேரம், எவ்வளவு பேஸ் என்ற மூன்றுக்கும் இடையே சமரசம் செய்துவைப்பவரே அந்த நாளைய நிபுணர்.

அவர்களுள் பாப் லட்விக் என்பவருக்குத் தனி ஸ்தானம் உண்டு. 1969-ல் லெட் செப்பெலின் குழுவினரின் இரண்டாவது ஆல்பத்தை வெட்டியபோது, அந்தச் சங்கீதத்தின் முரட்டு வேகம் முழுவதும் தட்டில் இறங்கவேண்டும் என்று கருதித் துணிந்து உரக்க வெட்டினார். ஆனால் ஒரு மலிவான கருவியில் அந்தத் தட்டைப் போட்டபோது ஊசி தாவியது; நிறுவனத்தார் அஞ்சி, அந்த வெட்டை நிறுத்தி, அடக்கி வெட்டிய வேறு தட்டை விற்பனைக்கு அனுப்பினார்கள். தட்டின் நடுவட்டத்தில் அவருடைய பெயரெழுத்துகள் கீறப்பட்ட அந்த முதல் பிரதிகளைச் சேகரிப்போர் இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஊசி தாவியதில் நஷ்டம் இருந்தது என்பது மெய். ஆனால் இதற்கு மேல் போகாதே என்று சொல்ல உலோகத்தாலான ஒரு சாட்சி அப்போது இருந்தது என்பதும் மெய்.

1982-ல் குறுந்தகடு விற்பனைக்கு வந்ததும் அந்தச் சாட்சி போய்விட்டது. டிஜிட்டல் உலகத்தில் உச்ச எல்லைக்குப் பூஜ்ய டெசிபல் என்று பெயர். அங்கே எல்லா அளவுகளும் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் குறியோடுதான் எழுதப்படுகின்றன; பூஜ்யத்தைத் தாண்டும் அலையின் தலை சீவப்பட்டுக் கரகரப்பாகிவிடும். எனவே ஊசி தாவும் என்ற பயம் இல்லாமல், பூஜ்யத்தை ஒட்டி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒலியை நிறுத்திவைக்கலாம் என்று ஆகிவிட்டது. 1994-ல் வேவ்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனம் கொண்டுவந்த எல்1 என்ற மென்பொருள் லிமிட்டர் அதற்குத் தகுந்த ஆயுதமாயிற்று. வரப்போகும் உச்சத்தைச் சற்று முன்கூட்டியே பார்த்து, அது வந்து சேருமுன் ஒலியைத் தாழ்த்திவைக்கும் சாமர்த்தியம் அதற்கு இருந்தது. உச்சங்கள் தாழ்ந்ததும், எஞ்சிய எல்லாவற்றையும் தூக்கி நிறுத்தலாம்.

உரத்தது நன்றாக இருக்கிறது என்று தோன்றுவது மனிதச் செவியின் இயற்கை. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933-ல் வெளியிட்ட வளைகோடுகள் இதன் ஒரு காரணத்தைக் காட்டின: மெல்லிய ஒலியில் நம் காது கீழ்ஸ்தாயியையும் மிக உயர்ந்த ஸ்தாயியையும் சரிவரக் கேட்பதில்லை; ஒலி உயர உயர அவை இரண்டும் வெளிவருகின்றன. ஆகவே ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால், கேட்பவர் அதை உரத்தது என்று சொல்லமாட்டார், தெளிவானது என்று சொல்லுவார். இந்தப் பலவீனத்தை அறிந்த கம்பெனிகள் ஒன்றையொன்று மிஞ்ச முற்பட்டன. ஆடி மாதத்து அம்மன் திருவிழாவில் அடுத்தடுத்த இரண்டு தெருக்காரர்கள் குழாய் ஒலிபெருக்கி கட்டி, அவர்கள் ஏற்றினால் இவர்களும் ஏற்றி, கடைசியில் எந்தப் பாட்டும் எந்தத் தெருவிலும் புரியாமல் போவதுண்டே, அதுதான் 1990-களிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் உலகச் சந்தையில் நடந்தது. 2008-ல் மெட்டாலிகா குழுவினரின் ‘டெத் மேக்னெட்டிக்’ வந்தபோது விவகாரம் வீதிக்கு வந்தது. அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற விளையாட்டிலும் இடம்பெற்றிருந்தன. விளையாட்டில் வந்த வடிவம் நசுக்கப்படாமல் இருந்தபடியால், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட ரசிகர்கள் தகட்டில் தங்களுக்குக் கிடைத்தது எவ்வளவு நொறுங்கிய ஒலி என்பதைக் கையோடு கண்டுகொண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு மறு மிக்ஸ் வேண்டும் என்று கேட்டார்கள்.

அளவுகோல்

இந்தப் போட்டிக்கு முடிவு கட்டியது சங்கீத உலகம் அன்று, தொலைக்காட்சி. நிகழ்ச்சி நடுவில் விளம்பரம் வந்தவுடன் ஒலி இரட்டிப்பாகிவிடுகிறது என்று உலகெங்கும் வீட்டுக்கு வீடு எழுந்த புகார், சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தை ஓர் அளவுகோல் வகுக்கச் செய்தது. 2006-ல் வெளியான பி.எஸ்.1770 என்ற அந்தப் பரிந்துரையின் மேல்தான் இன்றைய ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கம் 2010-ல், நிகழ்ச்சிகள், அந்த அளவுகோலின் அலகான எல்.யு.எஃப்.எஸ்.-இல் -23 என்ற சராசரி உரப்பில் இருக்கவேண்டும் என்று வகுத்தது. அமெரிக்காவில் விளம்பர ஒலியைக் கட்டுப்படுத்தும் சட்டம் அதே ஆண்டு நிறைவேறி, 2012 டிசம்பரில் அமலுக்கு வந்தது.

அந்த அளவுகோலின் சூட்சுமத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். யந்திரத்தின் முன் உட்காரும்போது இது நேரே உதவும். அது ஒலியை முதலில் இரண்டு வடிகட்டிகளின் வழியே செலுத்துகிறது: ஒன்று, மேல்ஸ்தாயியை ஏறக்குறைய நாலு டெசிபல் உயர்த்துகிறது, மற்றொன்று, மிகக் கீழான அதிர்வுகளை விலக்குகிறது. பிறகு 400 மில்லி வினாடித் துண்டுகளாக ஒலியின் சக்தியைக் கணக்கிட்டு, பாட்டு முழுவதுக்கும் சராசரி எடுக்கிறது. மௌனமும், சராசரியைவிடப் பத்து அலகுக்கு மேல் தாழ்ந்த பகுதிகளும் கணக்கிலிருந்து நீக்கப்படுகின்றன. அதனால் மெல்லிய முன்னுரையை நீளமாக வைத்துச் சராசரியைக் குறைத்துக் காட்டும் தந்திரம் அதனிடம் பலிக்காது. நாற்பது ஹெர்ட்ஸுக்கு அருகில் உறுமும் பேஸை இந்த அளவுகோல் குறைத்தே மதிக்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும். அந்த உறுமல் பூஜ்யத்துக்குக் கீழே உள்ள இடத்தைப் பெருமளவு விழுங்கிக்கொள்ளும். ஆனால் உரப்புக் கணக்கில் அதற்காக வரவு வைக்கப்படுவது குறைவே.

பாட்டை இணையத்தின் வழியே அளிக்கும் நிறுவனங்கள் இந்த அளவுகோலையே கைக்கொண்டன. ஸ்பாடிஃபை சாதாரண நிலையில் -14 எல்.யு.எஃப்.எஸ். என்ற அளவுக்கு எல்லாப் பாட்டையும் கொண்டுவருகிறது. ஆப்பிள் மியூசிக் -16-ஐ ஒட்டி நிற்கிறது. யூடியூபும் -14-ஐ ஒட்டி, மிகுந்ததைத் தாழ்த்துமே ஒழியக் குறைந்ததை உயர்த்துவதில்லை. இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் காணலாம். நசுக்கி நசுக்கி -8-க்கு ஏற்றிய பாட்டு ஒன்று, உச்சம் -1 டெசிபல். நிதானமாக -14-இல் நிறுத்திய பாட்டு ஒன்று, அதற்கும் உச்சம் -1. ஸ்பாடிஃபை முதற்பாட்டை ஆறு டெசிபல் தாழ்த்துகிறது. அதன் உச்சம் -7-க்கு இறங்குகிறது. இரண்டாவதை அது தொடுவதேயில்லை. இப்போது இரண்டுக்கும் சராசரி உரப்பு ஒன்றே. ஆனால் நிதானமான பாட்டின் ஸ்னேர் அடி, மற்றதன் அடியைப்போல் இரண்டு மடங்கு உயரத்துக்குத் துள்ளுகிறது. உரப்புக்காகப் பட்ட பாடு முழுவதும் நஷ்டக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் -14 என்பதே சட்டம் என்று கொள்வது இன்னொரு கோடிக்குப் போய்விடுவதாகும். சமன்செய்யும் ஏற்பாட்டைக் கேட்பவர் தமது செயலியில் நிறுத்திவைக்கலாம். நடன அரங்குகளில் பாட்டு போடும் டி.ஜே.க்களின் கருவியில் அது வேலை செய்வதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. சில ரகச் சங்கீதத்தில் நெருக்கமும் அழுத்தமும் அழகின் பகுதியே. ஹிப்-ஹாப்பும் நடன இசையும் -9, -10 என்ற அளவில் பழுதின்றி ஒலிப்பதைத் தினமும் கேட்கிறோம். ஒரு வீணையையும் குரலையும் மட்டும் வைத்து அமைத்த பாட்டு -18-இல் தான் அழகாக இருக்குமென்றால், அங்கேயே இருக்கட்டும். எண்ணை முதலில் வைத்துக்கொண்டு பாட்டை அதற்குள் திணிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டு தானாக வந்து நிற்கும் எண் எது என்று பார்த்து, அது தன் இனத்தாரோடு பொருந்துகிறதா என்று சோதிப்பதே முறை.

யந்திரத்தின் முன்

முதலாவது செய்யவேண்டியது யந்திரத்துக்குள் அன்று, அறையில். உரப்பைப் பற்றி முடிவு செய்கிற காதுக்கு ஒரு நிலையான ஆதாரம் வேண்டும். சுருதி சேர்க்காமல் பாட உட்காருகிறவர் யார்? -20 டெசிபல் சராசரியில் பதிந்த பிங்க் நாய்ஸ் என்ற சீரான இரைச்சலை ஒரு பேடில் ஏற்றி, ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஒலிக்கவிட்டு, உட்காரும் இடத்தில் கைபேசிச் செயலியாலாவது அளந்து, சிறிய அறையானால் 73 முதல் 76 டெசிபலுக்குள் வரும்படி ஸ்பீக்கரின் குமிழைத் திருப்பி, அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்து வைத்துவிட வேண்டும். திரைப்பட உலகில் நெடுங்காலமாக இருந்துவந்த இந்த வழக்கத்தைச் சங்கீதத்துக்கு வற்புறுத்தியவர் பாப் காட்ஸ் என்ற அமெரிக்க மாஸ்டரிங் எஞ்சினியர். கோட்டில் குமிழ் நிற்கும்போது பாட்டு இதமாகக் கேட்டால் அளவு சரியாக இருக்கிறது. கையை நீட்டிக் குறைக்கத் தோன்றினால் பாட்டு நெரிக்கப்பட்டிருக்கிறது. இந்த ஒரு கோடு, விலை உயர்ந்த மீட்டர்களைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

அடுத்தது பேடுகள். ஒவ்வொரு சாம்பிளும் பூஜ்யத்தைத் தொடும்படி பதியப்பட்டிருப்பது சந்தையில் கிடைக்கும் தொகுப்புகளின் இயல்பு. அவற்றை அப்படியே பதினாறு பேடுகளில் நிரப்பி ஒரே அடியில் மூன்று நாலு சேர்ந்தால் இறுதி வாயிலில் அலையின் தலை சீவப்படுவது நிச்சயம். ஒரே அளவுள்ள, ஒன்றுபோலவே அசையும் இரண்டு அலைகள் ஒரே கணத்தில் கூடினால் ஆறு டெசிபல் ஏறும். தொடர்பற்றவையானால் சராசரியில் மூன்று ஏறும். ஆகவே எல்லா ஃபேடர்களையும் கீழே இறக்கிவிட்டு, கிக்கை மட்டும் எடுத்து, அதன் உச்சம் மீட்டரில் -10 டெசிபலை ஒட்டி நிற்கும்படி வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதன் அருகில் ஒவ்வொன்றாக ஏற்றிவருவது நல்லது. எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது இறுதி மீட்டரின் உச்சம் -6-க்கு அருகில் நின்றால், மேலே செய்யவேண்டியவற்றுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. இப்படி அமைத்த பாட்டு மெலிதாகக் கேட்குமே என்று அஞ்சவேண்டாம்; கோட்டைத் தாண்டிக் குமிழைச் சற்றுத் திருப்பிக்கொண்டால் போயிற்று.

கிக்குக்கும் பேஸுக்கும் உள்ள வழக்கைத் தீர்ப்பதில்தான் உரப்பின் பெரும்பகுதி இருக்கிறது. இரண்டும் முதல் அடியிலேயே சேர்ந்து விழும். இரண்டும் ஒரே ஸ்தாயியில் குடியிருக்கும். கிக்கின் வாலை நறுக்கி, பேஸ் ஸ்வரம் தலையெடுக்கும்போது அது ஓய்ந்திருக்கும்படி செய்தால், ஈக்யூவையோ கம்ப்ரஸரையோ தொடாமலேயே இரண்டு மூன்று டெசிபல் இடம் கிடைத்துவிடுவதைக் கண்ணாலேயே மீட்டரில் பார்க்கலாம். பேடில் ஒரு சிறு குமிழைத் திருப்புகிற காரியந்தான் இது: டிகே என்ற அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, கிக் வெறும் தட்டல் ஆகிவிடுமுன் நிறுத்தவேண்டும். அதுவும் போதாவிட்டால், கிக் விழும்போதெல்லாம் பேஸைத் தாழ்த்தும்படி ‘மதர் டக்கர்’ என்ற எஃபெக்டை எம்.பி.சி.யில் அமைத்துக்கொள்ளலாம். முப்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடப்பதை ஒரு ஹைபாஸ் வடிகட்டியால் நீக்கிவிடுவதால் பெரும்பாலான பாட்டுகளுக்கு நஷ்டமில்லை. பெரும்பாலான ஸ்பீக்கர்களில் அது ஒலிப்பதில்லை, அளவுகோலும் அதை அதிகம் மதிப்பதில்லை, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கிறது. பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த துண்டுகளில் தட்டு சுழலும் உறுமல் சேர்ந்தே வருவதால், அவற்றுக்கு இந்த வடிகட்டி இன்றியமையாதது. லைவ் இரண்டாம் பதிப்பில் உடலோடு பதித்திருக்கும் சிறு ஸ்பீக்கர்களை நம்பி இந்த வழக்கில் தீர்ப்பு எழுதக்கூடாது, ஹெட்போனாவது வேண்டும்.

இனி, ஒப்பிட்டுப் பார்ப்பது. பெரும்பாலோர் இங்கேதான் தம்மை அறியாமல் ஏமாறுகிறார்கள். முன்மாதிரியாக வைத்துக்கொண்ட பாட்டை யந்திரத்தில் ஏற்றினால், அதுவும் இறுதி வாயிலில் மாட்டிய லிமிட்டரின் வழியாகவே வெளிவந்து, ஏற்கெனவே மாஸ்டரிங் ஆன பாட்டு மறுபடியும் நசுங்கி, ஒப்பீடு பொய்யாகிவிடும். இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. தம் பாட்டின் வாத்தியங்கள் அனைத்தையும் ஒரு சப்மிக்ஸுக்குத் திருப்பி, ஈக்யூ, கம்ப்ரஸர், லிமிட்டர் எல்லாவற்றையும் அந்தச் சப்மிக்ஸின் மீதே மாட்டவேண்டும். முன்மாதிரிப் பாட்டு மட்டும் எந்த எஃபெக்டும் படாமல் நேரே இறுதி வாயிலுக்குப் போகவேண்டும். பிறகு முன்மாதிரியின் ஃபேடரை இறக்கி, இரண்டும் காதுக்குச் சமமாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தவேண்டும். அது ஏழெட்டு டெசிபல் இறங்கவேண்டியிருந்தாலும் தயங்கலாகாது. சமமான உரப்பில் கேட்கும்போதுதான், தம் பாட்டுக்கு இல்லாதது உரப்பா, அல்லது குரலின் மேல் படிந்த மந்தமா, அல்லது நடு ஸ்தாயியில் மூன்று வாத்தியங்கள் முட்டிக்கொள்ளும் நெரிசலா என்பது விளங்கும். பத்தில் எட்டுத் தடவை விடை நெரிசல்தான்.

கடைசியாக லிமிட்டர். சாம்பிள்களின் அளவும் கிக்-பேஸ் வழக்கும் நேர்செய்யப்பட்ட பாட்டுக்கு இதனால் ஆகவேண்டியது சிறிதே. மிக உரத்த இடத்தில் இரண்டு அல்லது மூன்று டெசிபல் தாழ்த்தினால் போதுமானது. ஐந்தாறு டெசிபல் வரையில் அது ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தால், மிக்ஸுக்குத் திரும்பிப்போகச் சொல்லி அது கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளவேண்டும். லிமிட்டரை இட்டும் எடுத்தும் பார்க்கும்போது, அது நாலு டெசிபல் ஏற்றியிருந்தால் அதே நாலு டெசிபலை ஃபேடரில் இறக்கிக்கொண்டே பார்க்கவேண்டும்; இல்லாவிட்டால் ஃப்ளெட்சரும் மன்ஸனும் கண்ட பலவீனம் ஒவ்வொரு தடவையும் லிமிட்டருக்கே வாக்களிக்கும். கவனிக்கவேண்டியது ஸ்னேரின் முதல் நொடிப்பை: அது கூர்மழுங்கி, பின்னால் வரும் எதிரொலி மட்டும் மேலேறினால் எல்லை கடந்தாயிற்று. ஹைஹாட் கிக்குக்குக் கிக் அமுங்கி எழுந்தாலும் அதே அடையாளம்.

உச்ச எல்லையைப் பூஜ்யத்தில் வைக்கக்கூடாது. எண்களாகச் சேமித்த புள்ளிகள் பூஜ்யத்தைத் தொடாமல் இருக்கும்போதே, அவற்றுக்கு இடையே மீண்டும் உருவாகும் அலை பூஜ்யத்தைத் தாண்டக்கூடும். சுருக்கப்பட்ட கோப்பாக மாற்றும்போது இந்த மீறல் இன்னும் கூடுகிறது. ஸ்பாடிஃபை -1 டெசிபல் ட்ரூ பீக் என்ற வரம்பையும், -14-ஐவிட உரத்த பாட்டுக்கு -2 என்ற வரம்பையும் பரிந்துரைப்பது இதனால்தான். யந்திரத்து லிமிட்டர் இடைப்பட்ட உச்சங்களைப் பார்க்கிறதா என்பதில் சந்தேகம் இருக்கும்போது, -1.5-இல் வைத்துவிடுவதே ஜாக்கிரதை.

பாட்டு முழுவதன் சராசரியையும் தெரிந்துகொள்ள, வேவ் கோப்பாக வெளியே எடுத்து, யூலீன் போன்ற இலவச உரப்பு மீட்டர் ஒன்றில் ஓடவிட்டுப் பார்ப்பது போதும். கணினியை இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அழைப்பதில் யாருடைய விரதமும் கெட்டுவிடாது. ஆல்பமாக வெளியிடுகிறவர்கள் ஒவ்வொரு பாட்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவரும் சபலத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். ஆல்பத்தை வரிசையாகக் கேட்பவருக்கு ஸ்பாடிஃபை மொத்தத்தையும் ஒரே அளவில் தாழ்த்துகிறதே தவிரப் பாட்டுக்குப் பாட்டு மாற்றுவதில்லை. மெல்லிய பாட்டு மெல்லியதாகவே நிற்கிறது.

கோப்பை எடுக்கும்போது 24 பிட் என்று தெரிந்தெடுத்து, ஆடியோ டெயில் என்ற இடத்தில் சில வினாடிகள் கொடுத்து, ரிவெர்ப் முழுவதும் அடங்கும் வரையில் பதியவிடவேண்டும். அதோடு, சப்மிக்ஸின் மேல் மாட்டிய லிமிட்டரை மட்டும் அணைத்துவிட்டு அதே பாட்டை இன்னொரு முறை எடுத்து, தேதி எழுதி வைக்கவேண்டும். ஸ்பாடிஃபை 2017-ல் தன் அளவை ஒருமுறை தாழ்த்திக்கொண்டது. மறுபடியும் எந்த நிறுவனமும் மாற்றலாம். நாளைக்கு வினைல் தட்டாக வெட்ட நேரிட்டாலும், வேறொரு மாஸ்டரிங் எஞ்சினியரின் கைக்குப் போக நேரிட்டாலும், அவர்கள் கேட்கப்போவது லிமிட்டர் படாத அந்த இரண்டாவது கோப்பைத்தான்.